உங்கள் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்: நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிதி அமைச்சர்களுக்கும், மத்திய வங்கிகளின் தலைவர்களுக்கும், அவர்களுக்கு உரை எழுதித் தருகிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எந்த நாட்டில், எந்தக் கட்சியின் ஆட்சியில் நீங்கள் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு தொழில் நன்றாகப் போகிறதா, நொடித்துக்கொண்டிருக்கிறதா என்பது சில நேரம் அதை நடத்துகிறவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் விற்பனை விழுவதற்கு முன்பே பாக்கி ஏறிவிடும். 30 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 45 நாள் ஆகும், அப்புறம் 60, அப்புறம் "அடுத்த மாதம் பார்க்கலாம்". அந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

என் அண்ணன் சிறிதாக ஒரு அச்சகம் நடத்தினார். ஒரே ஒரு இயந்திரம், இரண்டு ஆள். சில வருடங்களுக்கு முன்னால் தொழில் மந்தமாகக் கிடந்த நேரத்தில், பொறுப்பில் இருந்த ஒருவர் தொலைக்காட்சியில் வந்து, மோசமான காலம் முடிந்துவிட்டது, இனி ஏறுமுகம்தான், சிறு தொழில் செய்கிறவர்கள் தயங்காமல் முதலீடு செய்யலாம் என்று பேசினார். நிதானமான குரல், பின்னால் ஏறிக்கொண்டே போகிற ஒரு வரைபடம். அந்த வாரமே அண்ணன் இரண்டாவது இயந்திரத்துக்குக் கடன் விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். அவருடைய கணக்கு நோட்டு என்னிடம்தான் இருந்தது. வர வேண்டிய பாக்கி 60 நாளைத் தாண்டி நிற்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினேன். "அவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறவர் தெரியாமலா சொல்வார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என் கையில் ஒரு நோட்டு, அவர் கையில் ஒரு நாட்டின் கணக்கு என்று நானும்தான் நினைத்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். புதிய இயந்திரம் 4 மாதம் ஓடியது. அதற்கு அப்புறம் அதை உறை போட்டு மூடி வைத்தார், தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடியது. கடைசியில், கடனெல்லாம் எப்போதோ அடைந்து சொந்தமாக நின்றிருந்த பழைய இயந்திரத்தை விற்றுப் புதியதற்குத் தவணை கட்டினார். அந்த விற்பனையை நோட்டில் எழுதியது நான்தான்.

இதை ஒரு குடும்பத்தின் தவறான முடிவு என்று நீங்கள் தள்ளிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரிய பணம் வைத்திருக்கிறவர்கள் உங்கள் உரையைக் கேட்டு முடிவு எடுப்பதில்லை. அவர்களுக்கு ஆலோசகர்கள் உண்டு, சொந்தமாகக் கணக்குப் போட ஆள் உண்டு, நிலைமை சரியில்லை என்று தெரிந்தால் பணத்தை வேறு நாணயத்துக்கு மாற்றிக்கொள்ள வழியும் உண்டு. நீங்கள் சொல்வதைத் தவிர வேறு தகவல் கையில் இல்லாதவர்கள்தான் உங்களை அப்படியே நம்புகிறார்கள். அதனால் உங்கள் நம்பிக்கைப் பேச்சு பொய்த்துப்போகும்போது அதன் செலவு நாடு முழுவதும் சமமாகப் பங்காவதில்லை, உங்களை நம்பினவர் தலையில் மொத்தமாக வந்து விழுகிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா காலத்தில் அந்த நாட்டின் ரிசர்வ் வங்கி வட்டியை 0.1 சதவீதத்துக்கு இறக்கியது. 2024-க்கு முன்னால் வட்டியை ஏற்றுவதற்கான நிலைமை வராது என்று எதிர்பார்ப்பதாக அதன் கவர்னர் பிலிப் லோ 2021-இல் திரும்பத் திரும்பச் சொன்னார். கூடவே நிபந்தனைகளும் சொன்னார், அதை மறைக்கவில்லை. ஆனால் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் காதில் நிபந்தனை நிற்காது, 2024 என்ற வருடம்தான் நிற்கும். 2022 மே மாதமே வட்டி ஏற ஆரம்பித்துவிட்டது, 2023 நவம்பரில் 4.35 சதவீதத்தைத் தொட்டது. இடையில், 2022 நவம்பரில், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு முன்னால், நாங்கள் சொன்னதைக் கேட்டு அதன்படி நடந்துகொண்டவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன் என்று லோ சொன்னார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன், உங்களில் பலர் அந்த அளவுக்குக்கூட வந்ததில்லை. ஆனால் அந்த மன்னிப்பால் யாருடைய மாதத் தவணையும் குறையவில்லை. இத்தனைக்கும் லோ யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. நல்ல நோக்கத்தோடு சொன்ன ஒரு எதிர்பார்ப்புக்கே இந்தக் கதி என்றால், தேர்தலை மனதில் வைத்துச் சொல்கிறதற்கு என்ன கதி?

சரி, அப்படியானால் அரசு நல்ல வார்த்தை பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம், சில நேரம் பேசியே ஆக வேண்டும். வங்கி விஷயத்தில் நம்பிக்கைதான் மூலதனம். போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது, ஏனென்றால் அந்தப் பணம் கடனாக வெளியே போயிருக்கும். பயம்தான் நோய் என்றால் பயத்தைப் போக்குவதுதான் மருந்து. 1933-இல் அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் அதைத்தான் செய்தார். மார்ச் 6-ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளையும் மூட உத்தரவிட்டார், 9-ஆம் தேதி சட்டம் வந்தது, 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு வானொலியில் பேசினார், மறுநாள் வங்கிகள் திறக்க ஆரம்பித்தன. ஜனங்கள் பணத்தை எடுக்க வருவதற்குப் பதிலாகப் போட வந்தார்கள். பதுக்கி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்தது. பங்குச் சந்தை திறந்த மார்ச் 15 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

இந்தக் கதையை உங்கள் ஆட்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், பார்த்தீர்களா, தலைவர் நம்பிக்கையாகப் பேசினால் நாடு எழுந்து நிற்கும் என்று. அந்த வானொலிப் பேச்சில் என்ன இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். வங்கியில் போட்ட பணம் எங்கே போகிறது, ஏன் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தர முடியாது என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி ரூஸ்வெல்ட் விளக்கினார். எந்த வங்கி எந்த நாளில் திறக்கும் என்று சொன்னார். எல்லா வங்கியும் திறக்கும் என்றோ, யாருக்கும் நஷ்டம் வராது என்றோ நான் வாக்குக் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொன்னதால்தான் நல்ல செய்தி எடுபட்டது என்பது என் எண்ணம். அப்புறம், அந்தப் பேச்சுக்குப் பின்னால் 3 நாள் முன்பு வந்த ஒரு சட்டம் நின்றது.

அவருக்கு முன்பு அதிபராக இருந்த ஹூவரும் நம்பிக்கையாகத்தான் பேசினார். பங்குச் சந்தை சரிந்து ஆறு மாதம் ஆன நிலையில், 1930 மே 1 அன்று, மோசமான கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்றே நம்புகிறேன் என்று தொழில் வர்த்தகர்கள் கூடிய சபையில் சொன்னார். 1933-இல் ஏறக்குறைய நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. ஹூவர் மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மே மாதம் அந்தப் பேச்சைக் கேட்டு வேலையாளை நிறுத்தாமல் வைத்திருந்த முதலாளியும், அதை நம்பிக் கடன் வாங்கின விவசாயியும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சமீபத்திலும் இதே வித்தியாசத்தைப் பார்க்கலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் வரிசை நின்றது. வங்கி திடமாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லச் சொல்ல வரிசை நீண்டதே தவிரக் குறையவில்லை. 17-ஆம் தேதி நிதி அமைச்சர் அலிஸ்டர் டார்லிங் போட்ட பணத்துக்கு அரசு முழுப் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் வரிசை கலைந்தது. வெறும் "பயப்படாதீர்கள்" என்பதற்கும் "உங்கள் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்பதற்கும் ஜனங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. உங்கள் வாக்குப் பலிக்காவிட்டால் உங்கள் கையை விட்டு ஏதாவது போகுமா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும்.

பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிற பேச்சும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. "பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்துவிட்டது" என்று அறிவிக்கிறீர்கள். எண் சரி. ஆனால் கேட்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் விலைவாசி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? 100 ஆக இருந்த விலை ஒரு வருடத்தில் 110 ஆனது, அடுத்த வருடம் 114.40 ஆனது, அவ்வளவுதான் நடந்தது. ஏறினது இறங்கவே இல்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்தது. சம்பளம் இன்னும் 100-லேயே நிற்கிற ஒருவரிடம் போய், நிலைமை சீரடைந்துவிட்டது என்று சொல்வது அவர் கண்ணை அவரே சந்தேகப்பட வைக்கிற வேலை. வளர்ச்சிக் கணக்கும் இப்படித்தான். 100 ஆக இருந்த உற்பத்தி 20 சதவீதம் விழுந்து 80 ஆகி, அடுத்த வருடம் 20 சதவீதம் வளர்ந்தால் 96 தான் ஆகும். பழைய இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் மேடையில் "20 சதவீத வளர்ச்சி" மட்டும் முழங்கும், 4 புள்ளி பள்ளம் யார் வாயிலும் வராது. என்னிடம் கணக்கு கொடுக்கிறவர் ஒருவருக்கு நான் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் மறு வருடம் என்னை வாசலில் நிற்க வைத்திருப்பார்.

எண்ணையே மாற்றுகிற இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினா இருக்கிறது. 2007 ஜனவரியில் அரசு தன் புள்ளிவிவர நிறுவனமான இன்டெக்கின் விலைவாசிப் பிரிவில் கை வைத்தது. அதற்கு அப்புறம் பல வருடம், தனியார் கணக்குப்படி பணவீக்கம் 25 சதவீதத்தை ஒட்டி இருந்தபோதுகூட அரசுக் கணக்கு 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. சொந்தமாகக் கணக்கிட்டு வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு 2011-இல் அபராதம் போட்டார்கள். 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம் அந்த நாட்டின் மீது கண்டனத் தீர்மானம் போட்டது, 2016-இல் புதிய ஆட்சி கணக்கைச் சரிசெய்த பிறகுதான் அது நீங்கியது. இதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பணவீக்கத்தோடு இணைத்த கடன் பத்திரங்களுக்கு அரசு கொடுக்க வேண்டியது குறைந்தது, அதாவது அரசை நம்பிப் பத்திரம் வாங்கினவர்களுக்கு நாமம். விலை குறைவாகக் காட்டப்பட்டால் வறுமைக் கோடும் கீழேயே நிற்கும், அதனால் காகிதத்தில் ஏழைகளும் குறைந்தார்கள். கடைசியில் வறுமைக் கணக்கை வெளியிடுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டார்கள். எண்ணப்படாத ஏழைக்கு யார் திட்டம் போடுவது?

இலங்கையில் நடந்தது வேறு வகை. அங்கே 2022-இன் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள், கடனை மறுசீரமைப்பு செய்யுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமாளித்துவிடுவோம், கடனைக் கட்டிவிடுவோம் என்பதே பொறுப்பில் இருந்தவர்களின் பதிலாக இருந்தது. ஜனவரி 18-ஆம் தேதி 50 கோடி டாலர் பத்திரக் கடனைக் கட்டவும் செய்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசிக் குறியீட்டின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கௌரவத்துக்காகச் செலவான மூன்று மாதம் என்றே நான் சொல்வேன், அந்த டாலர் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தேவைப்பட்ட டாலர். 2023 நவம்பரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், முன்னாள் ஆட்சியாளர்கள் சிலரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறிவிட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. அன்றைக்கு எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன திரும்பக் கிடைத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் பீதி கிளம்பும் என்பது உங்களுடைய பெரிய வாதம். ஒருநாள் இரவில் வங்கி சரியப்போகிறது என்றால் அதில் நியாயம் உண்டு, அதை மேலேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் வேலையின்மை, விலைவாசி, அரசின் கடன் இதெல்லாம் ஒரே இரவில் வருகிறது இல்லை. இவை மெதுவாக வருவதால்தான் முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் தயாராக முடியும். ஒரு கடனைத் தள்ளிப்போடலாம், கொஞ்சம் சேமிக்கலாம், வேறு வேலை தேடலாம். அந்த அவகாசத்தைத்தான் உங்கள் இனிப்புப் பேச்சு பிடுங்கிக்கொள்கிறது. நேர்மையான கணக்குகூடத் தாமதமாகத்தான் வருகிறது என்பது வேறு. அமெரிக்காவில் 2007 டிசம்பரிலேயே மந்தநிலை ஆரம்பித்துவிட்டது என்று அதைத் தீர்மானிக்கிற குழு 2008 டிசம்பர் 1 அன்றுதான் அறிவித்தது. முழுசாக ஒரு வருடம். அந்த ஒரு வருடம் ஜனங்கள் எதை வைத்து முடிவெடுத்திருப்பார்கள்? உங்களைப் போன்றவர்களின் பேச்சை வைத்துத்தான்.

இது ஒரு ஆள், ஒரு கட்சியின் குணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஹார்வர்ட் பேராசிரியர் ஜெஃப்ரி ஃபிராங்கல் 33 நாடுகளின் அரசு நிதிநிலை மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார். சராசரியாக அவை நல்ல பக்கமாகச் சாய்ந்திருந்தன, மூன்று வருடம் தள்ளிப் பார்க்கும் மதிப்பீட்டில் அந்தச் சாய்வு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.5 சதவீதம் அளவுக்கு இருந்தது. நாடு நன்றாகப் போகிற காலத்தில்தான் சாய்வு இன்னும் கூடுகிறது, அதாவது சேமிக்க வேண்டிய நேரத்தில் செலவு செய்துவிடுகிறார்கள். இதற்கு மாற்றாக அவர் காட்டுவது செப்பு வருமானத்தைப் பெரிதும் நம்பியிருக்கிற சிலி நாட்டை. அங்கே செப்பின் நீண்டகால விலையையும் பொருளாதாரத்தின் வளர்ச்சிப் போக்கையும் மதிப்பிடுவது அமைச்சரின் வேலை இல்லை, வெளியில் இருக்கிற நிபுணர் குழுக்களின் வேலை. செப்பு விலை உச்சத்தில் இருந்தபோது, பணம்தான் கொட்டுகிறதே, எடுத்து விடுங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கினார்கள். நிதி அமைச்சர் அந்த்ரேஸ் வெலாஸ்கோ கொடுக்க மறுத்தார், தெருவில் அவரைத் திட்டினார்கள். 2008-இல் உலக நெருக்கடி வந்து செப்பு விலை விழுந்தபோது அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் ஜனங்களுக்குச் செலவு செய்தார்கள். நல்ல காலத்தில் நல்ல வார்த்தை பேசாத ஒரு அமைச்சர் கெட்ட காலத்தில் உதவினார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. மதிப்பீடு போடுகிறவரும் அதனால் ஓட்டு வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம், பிரிட்டன் 2010-இல் அதற்கென்று தனி அலுவலகமே வைத்துக்கொண்டது, உங்களாலும் முடியும். அடுத்த வருடம் வளர்ச்சி எவ்வளவு என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று அகலத்தோடு சொல்லுங்கள். இங்கிலாந்து வங்கி 1996 முதல் பணவீக்கத்துக்கு விசிறி மாதிரி விரிகிற ஒரு படம் போட்டு அப்படித்தான் காட்டியது, போகப் போக அகலமாகும் படம், எங்களுக்கும் சரியாகத் தெரியாது என்பதை ஒளிக்காத படம். அதைப் பார்க்கிறவர் ஏமாந்துவிட மாட்டார், பயந்தும் விட மாட்டார். அப்புறம், கடன் வாங்குங்கள், முதலீடு செய்யுங்கள் என்று தயவுசெய்து யாருக்கும் மேடையிலிருந்து ஆலோசனை சொல்லாதீர்கள். தவணையை நீங்கள் கட்டப்போவதில்லை.

அண்ணன் இப்போது வேறொரு அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். உறை போட்டு வைத்திருந்த அந்த இயந்திரமும் போய்விட்டது, அவருடைய நோட்டு மட்டும் என் அலமாரியில் இருக்கிறது, நான் பென்சிலால் போட்ட வட்டத்தோடு.

இந்த மடலுக்குப் பதில் எழுத உங்களில் யாருக்காவது மனம் வந்தால், விளக்கம் எதுவும் வேண்டாம். கடந்த 5 வருடம் நீங்கள் சொன்ன வளர்ச்சி வீதத்தை ஒரு பத்தியிலும், கடைசியாகத் திருத்திய பிறகு வந்த வீதத்தைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதி, அடுத்த நிதிநிலை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். நான் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுகிற ஒருவன்